கெரட்டோகோனஸ்: அக்கா மகனுக்குப் பார்த்த வைத்தியம்

பாம்பனில் இருக்கும் அக்கா மகனுக்குப் பத்தாவது படிக்கும்போது கண்ணாடி போட்டார்கள். அப்புறம் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் அளவு, ஏறிக்கொண்டே போனது. கண்ணாடிக் கடையில் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களே தவிர, ஏன் ஏறுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. ராத்திரியில் ஒரு படகு விளக்கு நாலைந்தாகத் தெரிகிறது என்று பையன் சொன்ன பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் எடுத்ததும் கெரட்டோகோனஸ் என்றார்கள். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் இருக்கவேண்டிய கருவிழி (கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா) மெலிந்து, கூம்பாக முன்னால் துருத்திவிட்டது.

"கண்ணைக் கசக்குவியாப்பா?" இதுதான் டாக்டர் முதலில் கேட்டது. அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கச்சான் காற்றில் மணல் பறக்கிற ஊர், போதாததற்கு இவனுக்கு அலர்ஜி வேறு. விரல் முட்டியை வைத்துத் தேய்த்து எடுப்பான். கசக்கக் கசக்க நோய் முற்றுமாம். அரிப்புக்குச் சொட்டு மருந்து கொடுத்து, கை கண்ணுக்கே போகக்கூடாது என்றார். என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் இதுதான்.

அடுத்து கிராஸ்லிங்கிங், அதாவது மெலிந்த கருவிழியை இறுக்கும் சிகிச்சை. கருவிழியின் மேல்படலத்தை நீக்கி, பி2 வைட்டமினான ரைபோஃபிளேவின் சொட்டை ஊறவிட்டு, புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். படலம் நீக்கியபின் கருவிழியில் 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) தடிமனாவது மிச்சமிருந்தால்தான் வழக்கமான முறையில் செய்வார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில நாள் எரிச்சலும் கண் கூச்சமும் பையனைப் படுத்தி எடுத்துவிட்டன.

"இவ்வளவு செஞ்சும் பார்வை தெளியலையே மாப்ள" என்று மச்சானுக்கு வருத்தம். கிராஸ்லிங்கிங் நோயை நிறுத்தத்தான். போன பார்வையைக் கொண்டுவராது. வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியைக் கழற்ற லேசரில் செய்யும் லேசிக் சிகிச்சையைச் செய்யலாமே என்று ஒரு உறவினராவது கிளம்புவார். அது கருவிழியை இன்னும் மெலிதாக்கும், கூடவே கூடாது.

பார்வைக்கு கான்டாக்ட் லென்ஸ்தான். முதலில் ஆர்ஜிபி என்ற கெட்டியான லென்ஸ் போட்டான். எங்கள் ஊர்க் காற்றில் ஒரு மணல் உள்ளே போனாலும் உயிர் போகும். இப்போது ஸ்கிளெரல் லென்ஸ்: வெள்ளைவிழியில் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் நடுவில் சலைனை (சுத்தமான உப்புநீரை) தேக்கிவைக்கும். மணல் தொல்லை வெகுவாகக் குறைந்தது. விலை அதிகம்தான். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதிலும் அதைக் கழுவக்கூடாது, அகந்தமீபா கிருமி கருவிழியை அரித்துவிடும். லென்ஸோடு கடலில் குளிப்பதும் கிடையாது. பையனுக்கு அதுதான் பெரிய குறை.

சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருமாம். தங்கச்சிக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், இப்போதைக்கு ஒன்றும் இல்லை.