மறு: வீட்டுக்கு கேஸ் ஜெனரேட்டர் வைக்கலாமா? (ஹூஸ்டன் மாப்பிள்ளைக்கு)

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

கரண்ட் போனால் தானாக ஓடும் கேஸ் ஜெனரேட்டரை ஹூஸ்டன் வீட்டுக்கு வைக்கலாமா என்று மேலத்தெரு மாப்பிள்ளை போன வாரம் கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் வந்துவிட்டது. "அந்தக் காசுக்கு ஊரில் ஒரு மா நிலம் வாங்கிப் போடு" என்று சிங்கப்பூர் சித்தப்பா எழுதியிருந்தார். அவர் இருக்கும் ஊரில் கரண்ட் போவது என்றால் என்னவென்றே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர் சொல்லலாம். நான் 2021 கடைசியில் ஹூஸ்டன் வீட்டில் 22 கிலோவாட் மெஷின் ஒன்றை வைத்தவன். செலவழித்தவன் கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாப்பிள்ளை, உங்களுக்கு 14,800 டாலர் விலை சொன்ன விற்பனை ஆள் "கரண்ட் பில்லும் மிச்சமாகும்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முதலில் அதை மனசிலிருந்து எடுத்துப் போடுங்கள். என் மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது: குழாயில் வரும் நேச்சுரல் கேஸில் ஓட்டினால் 22 கிலோவாட் கிடைக்காது, 19.5 தான். பாதி லோடில் மணிக்கு 228 கன அடி கேஸ் குடிக்கும், முழு லோடில் 327. பாதி லோடையே எடுத்துக்கொண்டால் ஒரு யூனிட்டுக்கு 23 கன அடிக்கு மேல் போகிறது. எனக்கு நூறு கன அடி ஏறக்குறைய 1.25 டாலர், ஆக யூனிட் 29 சென்ட். கம்பியில் வரும் கரண்டுக்கு 15 சென்ட் கொடுக்கிறேன். அதுவும் வீட்டில் யாரும் எப்போதும் பாதி லோடில் ஓட்டுவதில்லை. இரவில் ஒரு ஏ.சி., ஃபிரிட்ஜ், நாலு விளக்கு என்று மூன்று கிலோவாட் ஓடும்போதும் எஞ்சின் அதே 3,600 சுற்றுதான் சுற்றும். 2024 ஜூலையில் வந்த பெரில் புயலில் ஐந்து நாள் ஓட்டினேன். அதற்கு மட்டும் கேஸ் 225 டாலர். கணக்குப் போட்டால் யூனிட் அறுபது சென்ட்டைத் தாண்டியது.

ஏன் இப்படி என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம்ம திருவாரூர் மாவட்டத்துத் திருமக்கோட்டை கேஸ் பவர் ஸ்டேஷனை எல்லோரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். மொத்தம் 107.88 மெகாவாட், அதில் 70 தான் கேஸ் டர்பைன். மிச்சம் கிட்டத்தட்ட 38, அந்த டர்பைன் கக்கும் சூட்டை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு நீராவியில் எடுப்பது. அதற்கென்று தனியாக கேஸ் எரிப்பதில்லை. இன்றைக்கு வரும் பெரிய நிலையங்கள் இந்த முறையில் கேஸில் இருக்கும் சக்தியில் பாதிக்கு மேல் கரண்டாக்கிவிடுகின்றன. நம் கொல்லையில் நிற்கும் பெட்டி நூற்றில் பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது எடுக்கும். மீதி முழுக்க வெந்த காற்று, பக்கத்து வீட்டு வேலிப் பக்கம். அதனால்தான் வாரண்டி காகிதத்திலும் ஸ்டேண்ட்பைக்கு (கரண்ட் போனால் ஓட்ட) மட்டும் என்று போட்டிருப்பார்கள். தினசரி ஓட்டினால் வாரண்டி கிடையாது.

ஒரே ஒரு தடவை சொந்தக் கரண்ட் லாபமாக இருந்திருக்கும். 2021 பிப்ரவரி பனியில் டெக்சாஸ் மொத்தச் சந்தையில் கரண்ட் விலை ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாள்கணக்கில் நின்றது. யூனிட் ஒன்பது டாலர்! சந்தை விலைத் திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. அந்தத் திட்டத்தையே வீடுகளுக்கு விற்கக்கூடாது என்று அதே வருஷம் சட்டம் போட்டுவிட்டார்கள். அதோடு அந்த வாதமும் போயிற்று.

சரி, கரண்டுக்காக இல்லை, காப்பீடு மாதிரி என்று வைத்துக்கொள்வோம். எனக்கு எல்லாம் சேர்த்து 13,400 ஆனது. பதினைந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 900. ஆயில், ஃபில்டர், பிளக், மூன்று வருஷத்துக்கொரு பேட்டரி, வருஷாந்திர சர்வீஸ் ஆள் என்று சராசரி 350. ஆக வருஷம் 1,250 டாலர், ஒரு நிமிஷம் ஓடாவிட்டாலும். வைத்ததிலிருந்து இதுவரை வேலைக்கு ஓடியது 180 மணி நேரம். 2024 மே 16 சூறைக்காற்றில் 40, ஜூலை 8 பெரிலில் 120, மீதி உதிரி. வருஷத்துக்கு 36 மணி நேரம். மணிக்கு 35 டாலர் ஆகிறது. இதற்கு வாடகைக்கு வெண்சாமரம் வீச ஆளே வைக்கலாம்.

மெஷின் இல்லாமல் இருந்திருந்தால்? பெரிலின்போது ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேல் இணைப்பு போயிற்று. ஊருக்குள் ஹோட்டல் ரூம் கிடையாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் சான் அன்டோனியோ போனார்கள். ஆறு ராத்திரி, 170 வீதம் ஆயிரம் சொச்சம். ஃபிரிட்ஜ், ஃப்ரீசரில் கெட்டது நானூறு, அதில் பாதி எங்கள் வீட்டில் மீனும் இட்லி மாவும்தான். சேர்த்து 1,400. அதாவது வருஷா வருஷம் ஒரு பெரில் வந்தால்தான் என் முதலீடு சமன் ஆகும். அதற்கு முன்னால் இதே அளவுக்கு நகரமே இருட்டானது 2008 செப்டம்பரில், ஐக் புயலில். நடுவில் 2017 ஹார்வி வந்தது, ஆனால் அது வெள்ளம். தாழ்வான கொல்லையில் வைத்திருந்தால் மெஷினே முங்கியிருக்கும். உங்கள் வீடு ஹூஸ்டன் பக்கத்து சைப்ரஸில் வாய்க்கால் பக்கம் என்கிறீர்கள், மெஷின் வைக்கும் பீடத்தை எத்தனை அடி உயர்த்துவார்கள் என்று கேட்டீர்களா?

கணக்கு இப்படித் தோற்றபோதும் நான் ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். பெரில் வந்த அன்றைக்கு அம்மா இங்கே இருந்தாங்க. 78 வயசு, ராத்திரி ஆக்சிஜன் மெஷின் போட்டுக்கொள்ள வேண்டும். காற்று ஓய்ந்த பிறகு கரண்ட் இல்லாமல் வெயிலில் செத்தவர்களும் பல பேர். விடிகாலையில் கரண்ட் போனது, பத்துப் பதினைந்து விநாடியில் கொல்லையில் மெஷின் உறுமியது, அம்மா எழுந்திருக்கவே இல்லை. 2018 கஜா புயல் ராத்திரியில் ஊர் வீட்டில் தனியாக இருந்தவங்க அவங்க. அதற்கப்புறம் இருபத்தி மூன்று நாள் கரண்ட் இல்லை. டாட்டா ஏஸில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு வந்தவனிடம் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தெருவே சேர்ந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. காலையில் காபி குடிக்கும்போது "இங்கேயும் கஜா மாதிரியா?" என்று மட்டும் கேட்டாங்க.

ஆனால் உண்மையைச் சொன்னால், அம்மாவுக்குத் தேவைப்பட்டது 22 கிலோவாட் இல்லை. ஒரு ரூம் ஏ.சி.யும் ஆக்சிஜன் மெஷினும் இரண்டு கிலோவாட்டுக்குள் அடங்கும். நான் வீட்டில் இருக்கும்வரை அதற்குச் சின்ன மெஷின் போதும். நான் ஆஃபீஸிலோ டல்லஸிலோ மாட்டிக்கொண்டால் அம்மா அதை கராஜிலிருந்து இழுத்து வந்து குழாய் மாட்டி ஸ்டார்ட் பண்ண முடியாது. சின்னதற்கும் என்னுடையதற்கும் உள்ள பன்னிரண்டாயிரம் டாலர் வித்தியாசம் முழுக்க அந்தத் தானாக ஸ்டார்ட் ஆவதற்குத்தான். அதனால் மாப்பிள்ளை, எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன்னால், கரண்ட் போகும்போது உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். நீங்களும் தங்கச்சியும் இரண்டு பேருமே வீட்டிலிருந்து வேலை, குழந்தைக்கு நாலு வயசு, யாருக்கும் வைத்தியத் தேவை இல்லை. எனக்கு அந்த நிலைமை என்றால் இந்த வழிதான் போவேன்:

பெட்ரோல், புரொப்பேன், நேச்சுரல் கேஸ் மூன்றிலும் ஓடும் தள்ளுவண்டி ஜெனரேட்டர், ஆயிரத்து இருநூறு டாலர் சொச்சம். எலக்ட்ரீஷியனை வைத்து வெளிச்சுவரில் ஜெனரேட்டர் வயரைச் சொருகும் இன்லெட் பெட்டியும், பிரேக்கர் பெட்டியில் கம்பிக் கரண்டும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் தடுக்கும் இன்டர்லாக்கும். பிளம்பரை வைத்துக் கொல்லையில் ஒரு கேஸ் குழாய் வாய். ஏ.சி. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது ஒரேயடியாகக் கரண்ட் இழுக்காமல் இருக்க ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர். எல்லாம் மூவாயிரத்துக்குள் முடியும். பெட்ரோலில் போட்டிருக்கும் வாட்டேஜ் கேஸில் கிடைக்காது, கால்வாசி குறைத்தே கணக்குப் போடுங்கள். குழாய் கேஸ் என்பதால் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் வேலை கிடையாது, அதுவே பாதி நிம்மதி.

இரண்டு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். இன்டர்லாக் இல்லாமல் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரைத் துணி காயவைக்கும் ட்ரையரின் சாக்கெட்டில் சொருகும் வேலை வேண்டாம். நம் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனைக் கொல்லும். கஜாவில் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து நம் வயலில் கம்பம் நட்ட ஈ.பி. ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மழை என்று கராஜுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி. 2021 பனியில் டெக்சாஸ் அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள், அதில் கார்பன் மோனாக்சைடு விஷப்புகையால் போனவர்களும் உண்டு.

இல்லை, பெரியதுதான் வைப்பேன் என்றால் என் அனுபவத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வைத்துக் கொடுத்தவர்கள் கேஸ் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பழைய மீட்டர் மணிக்கு 250 கன அடி வகை. மெஷினுக்கே 327 வேண்டும், தொட்டி இல்லாத வெந்நீர் ஹீட்டர் தனியாக 190 இழுக்கும். மே மாதக் காற்றில் மகள் குளிக்கப் போனாள், ஏ.சி. ஓடியது, மெஷின் மூச்சுத் திணறி நின்றது. பெரிய மீட்டர் கேட்டு வாங்க ஆறு வாரம். பெரிலில் மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி நின்றது. ஆயில் குறைவு. தொடர்ந்து ஓடினால் 24 மணி நேரத்துக்கொரு தடவை ஆயில் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, படித்தவன் மறந்துவிட்டான். செல்போன் வெளிச்சத்தில் ஊற்றினேன்.

நாம் எல்லோரும் சேர்ந்து கஜாவுக்குப் பிறகு ஊர் மேல்தொட்டிக்கு வாங்கிக் கொடுத்தோமே, அந்த டீசல் ஜெனரேட்டர், அதைப் போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். மேலே வைக்கோல், பேட்டரி செத்துப்போயிருந்தது, வயரை எலி கடித்திருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, கரண்ட் ஒழுங்காக இருக்கும்போது யார் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள்? துபாய் அண்ணன் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார் என்று கேள்வி. ஒரு பேட்டரியும் நாலு மீட்டர் வயரும், சங்கக் கணக்கிலிருந்து எடுக்க எனக்குச் சம்மதம். மற்றவர்கள் எழுதுங்கள்.

மாப்பிள்ளை, சனிக்கிழமை கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஏ.சி. ஸ்டார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த விற்பனை ஆளுக்குப் பதில் சொல்லலாம். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
கீழத்தெரு மாமா, ஹூஸ்டன்