மறு: டீரேங்கிங் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு புக்கோட விற்பனை ரேங்கை, அதாவது அது எவ்வளவு விக்குதுன்னு காட்டுற வரிசை எண்ணை, கடைக்காரங்க எடுத்துடுறதைத்தான் டீரேங்கிங்னு சொல்றாங்க, அதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடிட்டிருக்கோம்.

"விற்பனைத் தடை"ன்னு போடலாம்னு முன்னாடி ஒரு மடல்ல வந்த யோசனைல எனக்கு உடன்பாடு இல்லைங்க. தடைன்னா புக்கே கிடைக்காது. 2009 ஏப்ரல்ல ஈஸ்டர் சமயத்துல அமேசான்ல நடந்தது அது இல்ல. புக் இருந்துச்சு, விலை இருந்துச்சு, வாங்குற பட்டனும் இருந்துச்சு, விற்பனை ரேங்க் மட்டும் பக்கத்துலேருந்து காணாம போச்சு. அந்த நம்பரை வெச்சுத்தான் பெஸ்ட்செல்லர் லிஸ்டும் சில தேடல் முடிவுகளும் வருது, அது போச்சுன்னா புக் பேரு தெரிஞ்சு வர்றவங்களைத் தவிர மத்தவங்க கண்ணுல அது படுறதே கஷ்டம்.

மார்க் ப்ராப்ஸ்ட்னு ஒரு எழுத்தாளர், இளவயசுக்காரங்களுக்கான தன்பாலீர்ப்புக் கதை எழுதினவர், என்னோட புக்குக்கு ஏன் ரேங்க் இல்லன்னு கேட்டு அமேசானுக்கு எழுதினார். "அடல்ட்" வகைக்கு ரேங்க் காட்ட மாட்டோம்னு பதில் வந்துச்சு, அதை அப்படியே தன்னோட பிளாக்ல போட்டார், ட்விட்டர்ல அமேசான்ஃபெயில்னு ஹேஷ்டேக் பத்திக்கிச்சு. ஜேம்ஸ் பால்ட்வின்ங்கிற அமெரிக்க எழுத்தாளரோட, 1956ல வெளிவந்த ஜியோவானிஸ் ரூம்ங்கிற தன்பாலீர்ப்புக் காதல் நாவலுக்கு ரேங்க் போயிடுச்சு, ஆனா பிளேபாய் பத்திரிகையோட நடுப்பக்க நிர்வாணப் படங்களோட தொகுப்புக்கு ரேங்க் அப்படியே நின்னுச்சு. இதைப் பாத்தா யாருக்குத்தான் வயிறு எரியாது! அப்புறம் கம்பெனி, இது கேட்டலாக் போடுறதுல நடந்த தப்பு, மொத்தம் 57,310 புக்கு மாட்டிக்கிச்சு, உடல்நலப் புக்குங்களும் அதுல இருக்குன்னு அறிவிச்சு ரேங்கைத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க.

"தரமிறக்கம்" வேணவே வேணாம். படிக்கிறவங்க புக்கோட தரம்தான் குறைஞ்சுபோச்சுன்னு நினைப்பாங்க, பாதிக்கப்பட்டவங்க மேலயே பழி போட்ட மாதிரி ஆயிடும். "தணிக்கை"யும் ஒட்டல, அதுல ஒருத்தர் படிச்சுப் பாத்து வெட்டுறார்ங்கிற அர்த்தம் இருக்கு, இங்க ஒரு டேக், அதாவது வகைக் குறி, மாறினதும் ஆயிரக்கணக்குல மறைஞ்சுபோச்சு.

அதனால ரெண்டு சொல்லா பிரிச்சுக்கலாம்னு தோணுது. செயலுக்கு "வரிசைநீக்கம்", விளைவுக்கு "தேடல் இருட்டடிப்பு". பத்திரிகைகள்ல செய்தியை இருட்டடிப்பு செஞ்சுட்டாங்கன்னு ரொம்ப காலமா எழுதுறோம், புதுசா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. இருட்டடிப்புன்னா வேணும்னே பண்ணதுன்னு ஆயிடுமே, அவங்க தப்புன்னுதானே சொன்னாங்கன்னு போன மடல்ல கேட்டிருந்தீங்க, நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ரெண்டு சொல் கேக்குறேன். நோக்கம் என்னன்னு தெரியாதப்போ வரிசைநீக்கம்னு மட்டும் எழுதுவோம். ஆனா பால்புதுமையரை, அதாவது தன்பாலீர்ப்பாளர் மாதிரியானவங்களைப் பத்தின புக்குன்னாலே "அடல்ட்"னு ஒரு சிஸ்டம் எடுத்துக்குதுன்னா அந்த எண்ணம் எங்கேயோ ஒரு மனுஷன்கிட்டேருந்துதானே அதுக்குள்ள போயிருக்கும், அந்த இடத்துல மென்மையான சொல்லைப் போட என் மனசு ஒப்பல.

ஒரு சொல்லைத் தேடினா தாங்க நினைச்ச பக்கம் மேல வர்ற மாதிரி பல பேர் சேர்ந்து லிங்க் குடுக்குறதை "கூகுள் பாம்"ங்கிறாங்க, அதுக்கு வந்த "இணைப்பு வெடி"ங்கிற யோசனை நல்லாவே இருக்கு, அந்தப் போராட்டத்துலயும் அமேசான் ரேங்க்னு தேடினா கிண்டலான ஒரு விளக்கம் மேல வர்ற மாதிரி எல்லாரும் சேர்ந்து லிங்க் குடுத்தாங்க.

அகராதிப் பதிவுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம்: "வரிசைநீக்கத்தால் அந்நூல்கள் தேடலில் இருட்டடிப்புக்கு உள்ளாயின." மறுப்பு இருந்தா எழுதுங்க, இல்லன்னா இதையே பட்டியல்ல ஏத்திடலாம்.