திருகோணமலைச் சுவரோவியம்: மதிலில் உப்புப் பூக்கிறது, உதவி தேவை

வணக்கம். தமிழ், சிங்கள, முஸ்லிம் ஓவியர்கள் சேர்ந்து 60 அடி நீளம், 8 அடி உயரமுள்ள மதிலில் வரையப்போகிறோம். சமூகத்துக்கு ஒரு துண்டு என்று பிரிக்கவில்லை. பிரித்தால் மூன்று தனிப்படங்கள்தான் கிடைக்கும். ஒவ்வொரு 10 அடிக்கும் வெவ்வேறு சமூகத்தவர் இருவர்.

சிக்கல் மதிலில்தான். நிலத்திலிருந்து இரண்டடி வரை வெள்ளைத் தூளாக உப்புப் பூக்கிறது. பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டால் உட்புறம் நீர்த்துளி கோர்க்கிறது. ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. இதன்மேல் பெயின்ட் அடித்தால் கொப்புளித்து உரியும். உப்பைக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே இறங்கும் என்பதால் காய்ந்த பிரஷால்தான் தட்டுகிறோம். முன்பு அடித்த பழைய சுண்ணாம்பு வெள்ளையையும் சுரண்டியாக வேண்டும், அதில் அக்ரிலிக் பெயின்ட் நிற்காது.

ஈரம் வெளியேறட்டும் என்று கீழ்ப்பகுதியைச் சுண்ணாம்பு மணல் பூச்சாக மாற்றிய அனுபவமுள்ள மேசன்மார் கலவை அளவும் காயவிட்ட காலமும் சொல்லுங்கள். அக்டோபர் மழைக்கு முன் முடிக்க வேண்டும். சுண்ணாம்பு, சிமெந்தின் காரத்தைத் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு கோட்டுக்குச் சுமார் 10 லீட்டர், இரண்டு சாரப்பலகை, சிங்கள எழுத்து எழுதத் தெரிந்த ஒருவர் தேவை. எழுத்துப்பிழையோடு சுவரேறினால் அந்த மொழிக்காரர் மனம் நோகும், தமிழுக்கும் அப்படித்தான். முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.