அப்பாவின் கால் புண்ணுக்கு பிஆர்பி சிகிச்சை: சேலத்தில் எங்கே செய்கிறார்கள்?

வணக்கம். அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்த்தவர், சர்க்கரை நோயாளி. வலது குதிகாலில் ஐந்து மாதமாக ஆறாத புண். பழைய எட்டணா அகலம், ஓரமெல்லாம் தடித்து வெளுத்திருக்கிறது. கட்டு மாற்றும்போது அவருக்கு வலிப்பதே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

அவருடைய ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) நிறைந்த பகுதியைப் பிரித்துப் புண்ணில் வைக்கும் சிகிச்சைதான் பிஆர்பி. அந்த அணுக்களிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணிகள் புதுச் சதை வளரத் தூண்டும். ஆனால் புண்ணில் சீழ் இருக்கக் கூடாது, காலில் ரத்த ஓட்டமும் வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தாயிற்று, ஓட்டம் சரியாக இருக்கிறது.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் செய்கிறார்களா? எந்தப் பிரிவில் கேட்க வேண்டும்? செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால், எத்தனை தடவை வைத்தார்கள், எவ்வளவு செலவானது என்று சொல்லுங்கள். அப்பாவை மலையிலிருந்து அடிக்கடி இறக்கி ஏற்றுவது சிரமம்.