தறியில் உட்காரும் அப்பாவுக்குப் பிட்டத்தில் வலி: இது எந்த எலும்பு?

ஆரணிப் பெண்:
அப்பாவுக்கு 58 வயது. குழித்தறியில் பட்டுச்சேலை நெய்கிறார். காலை ஆறு மணிக்குப் பலகையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மூன்று மாதமாக வலது பிட்டத்துக்கு அடியில் வலி. எங்கே என்று கேட்டால் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார். எழுந்து நின்றால் குறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் மூலம் என்கிறார்கள். மருந்துக் கடையில் நரம்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். தறியை விட்டு வர மாட்டேன் என்கிறார். யாரிடம் காட்டுவது?

பிசியோ அக்கா:
உள்ளங்கையை மேல்பக்கமாக வைத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். கையில் ஒரு கட்டை எலும்பு குத்தும். அதுதான் இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியான இஸ்கியத்தின் முண்டு. இடுப்பெலும்பு பிறக்கும்போது இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்று மூன்று துண்டு. தொடையெலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தில் மூன்றும் சந்தித்து, பதின்ம வயதில் ஒன்றாகிவிடும். உட்காரும்போது உடம்பைத் தாங்குவது இஸ்கியம்.

நிற்கும்போது பிட்டத்தின் பெரிய தசை இந்த முண்டை மூடியிருக்கும். உட்கார்ந்ததும் தசை மேலே நழுவிவிடும். அப்புறம் எலும்புக்கும் பலகைக்கும் நடுவே தோல், கொஞ்சம் கொழுப்பு, பர்சா என்ற மெல்லிய பை, அவ்வளவுதான். நாள் முழுக்க அழுந்தினால் அந்தப் பை வீங்கி நோகும். மருத்துவத்தில் இதற்குப் பழைய பெயரே 'நெசவாளர் பிட்டம்'. உங்கள் அப்பாவின் வலி அதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் தொடையின் பின்தசைகளும் அதே முண்டில்தான் தொடங்குகின்றன, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பும் பக்கத்திலேயே ஓடுகிறது. அதனால் எலும்பு மருத்துவர் கைவைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ராத்திரி தூங்க விடாமல் வலித்தாலோ தாமதிக்காதீர்கள்.

அவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறார் என்று பார்த்தீர்களா?

காஞ்சித் தறி:
எனக்கும் இதே இடம்தான். பழைய வேட்டியை மடித்துப் போட்டேன், ஒரு மணி நேரத்தில் தட்டையாகிவிட்டது. அப்புறம் தடித்த ஸ்பாஞ்சில் எலும்பு படும் இரண்டு இடத்திலும் பள்ளம் வெட்டி வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பாவு நூலில் அறுந்த இழை பார்க்கிற சாக்கில் நாலு எட்டு நடப்பேன். வலி போக இரண்டு மாதம் ஆனது. அப்பாவைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

ஆரணிப் பெண்:
அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் பலகையைப் பார்த்தேன். வலது பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவின் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கமே சாய்கிறார். இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றியும் நான் கவனிக்கவில்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். ஸ்பாஞ்ச் நாளைக்கே வாங்குகிறேன் அண்ணா, எத்தனை அங்குலத் தடிமன் வைத்தீர்கள்?