பெரியம்மாவின் பாட்டை பிரவுசருக்குள்ளேயே சேர்த்த கதை

ரோஸ் ஹில்லிலிருந்து:

தைப்பூசக் காவடி விரதம் 10 நாள். அந்த நாட்களில் கோவிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். இங்கே மொரீஷியஸில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல்தான். தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். ஆனால் ழகரமும் ணகரமும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால்தான் நாக்குக்கு வரும். அதனால் பெரியம்மா பாடியதைப் போனில் அடி அடியாகப் பதிந்தேன். பாட்டின் பின்னணியில் தம்பூரா சுருதி ஓட வேண்டும், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பிள்ளைகள் திருப்பிப் பாட இடம் விட வேண்டும். மொத்தம் 12 நிமிடம். இதையெல்லாம் பிரவுசரிலேயே கோட் எழுதி ஒரே ஃபைலாகச் சேர்க்கப் பார்த்தேன்.

முதலில், ஓடும் ஒலியை அப்படியே பதியும் பிரவுசர் வசதியான மீடியா ரெக்கார்டரை வைத்துப் பதிந்தேன். 12 நிமிடப் பாட்டுக்கு 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். அடிகளைத் தொடங்க செட்டைம்அவுட் என்ற டைமர் போட்டிருந்தேன். ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பவில்லை. நடுவில் வேறு டேபுக்குப் போய் மெயில் பார்த்தேன். பின்னணியில் சத்தமில்லாமல் கிடக்கும் டேபின் டைமர்களை பிரவுசர் மெதுவாக்கிவிடும். அதற்கப்புறம் வந்த அடிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிந்தித் தொடங்கியிருந்தன.

அப்புறம்தான், ஒலியை ஓடவிடாமல் கணக்கிட்டே தரும் பிரவுசர் வசதியான ஆஃப்லைன் ஆடியோ கான்டெக்ஸ்டுக்கு வந்தேன். மூன்று எண்கள் கேட்கிறது: எத்தனை சேனல், மொத்தம் எத்தனை சாம்பிள் (ஒலியின் ஒரு கணத்து அளவைச் சொல்லும் எண்), விநாடிக்கு எத்தனை சாம்பிள். எனக்கு 1 சேனல், 44,100 பெருக்கல் 720, அதாவது 3 கோடியே 17 லட்சத்துச் சொச்சம் சாம்பிள். எந்த அடி எத்தனையாவது விநாடியில் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே, பதிவை ஒலிக்கவிடும் ஸ்டார்ட் கட்டளையில் எழுதிவிட வேண்டும். டைமருக்கு வேலையே இல்லை. ஸ்பீக்கருக்காகக் காத்திராமல், 128 சாம்பிள் கொண்ட துண்டுகளாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறது. என் பழைய லேப்டாப்பிலேயே 10 விநாடிக்குள் முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே.

ஆனால் கேட்டுப் பார்த்தால் 12 நிமிடமும் நிசப்தம். பதிவுகளை டிகோட் செய்து (எண்களாக விரித்து) முடிப்பதற்குள், கணக்கைத் தொடங்கும் ஸ்டார்ட் ரெண்டரிங்கை அழைத்திருக்கிறேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. எதுவும் இணைக்கப்படாத வெற்றிடத்தை ஒழுங்காகக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு கான்டெக்ஸ்டில் ஒரு தடவைதான் ரெண்டர் செய்ய முடியும் என்பதால் புதிதாக ஒன்று உருவாக்கி, எல்லா டிகோடும் முடியும்வரை காத்திருக்கும்படி அவெய்ட் போட்டேன்.

இரண்டாவது தடவை பாட்டு வந்தது. கடைசி ‘அரோகரா’தான் ‘அரோ’வோடு நின்றுவிட்டது. தொடக்கத்தில் சுருதி மட்டும் கேட்க 1 விநாடி விட்டிருந்தேன், நீளக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. குறித்த நீளம் வந்ததும் வெட்டிவிடும், பெரியம்மா என்ன பாடிக்கொண்டிருக்கிறார் என்று பார்க்காது. எக்கோ சேர்ப்பவர்கள் அதன் வால் அடங்குவதற்கும் 2, 3 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள்.

கிடைப்பது ஃபைல் அல்ல, வெறும் எண்கள். வேவ் ஃபைலுக்கான 44 பைட் தலைப்பை நானே கோடில் எழுதிச் சேர்த்தேன்.

க்யூர்பிப்பிலிருந்து:

அக்கா, லேப்டாப்பில் சரி. நான் இதையே போனில் செய்தேன், அதுவும் ஸ்டீரியோவில், அதாவது 2 சேனலில். ஒரு சாம்பிளுக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டால் 12 நிமிடத்துக்கு 254 எம்பி. பாதி வழியில் பக்கமே தானாக ரீலோட் ஆகிவிட்டது. பிறகு அடி அடியாகத் தனித்தனியே ரெண்டர் செய்து, எண்களை வரிசையாக ஒட்டினேன். ஒட்டின இடங்களில் தம்பூரா ‘டக்’கென்று மாறியது. ஸ்டார்ட்டின் இரண்டாவது எண்ணில், சுருதிப் பதிவை முந்தின துண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொன்னதும் சரியானது. குரல் மட்டும் என்றால் விநாடிக்கு 22,050 சாம்பிள் வைத்தால் பாதி மெமரி போதும், ஆனால் சகரம் மங்கிவிடும். பிள்ளைகள் உச்சரிப்புக்காகக் கேட்பதென்றால் வேண்டாம் என்பேன்.

போர்ட் லூயிஸிலிருந்து:

நாங்கள் தவிலும் சேர்த்தோம். ஓங்கி விழும் அடிகளில் எல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். மைக்கைச் சந்தேகப்பட்டு ஒரு சாயங்காலம் போயிற்று. ரெண்டர் செய்த எண்கள் இருக்கும் பஃபருக்குள், மதிப்பு எல்லையான 1-ஐத் தாண்டினாலும் அப்படியே இருக்கும், கெடாது. அதை வேவ் ஃபைலுக்காக 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போதுதான் மேலே போனது சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழுகிறது. எல்லா சாம்பிளிலும் பெரியதைக் கண்டுபிடித்து அதனால் மொத்தத்தையும் வகுத்தோம், கரகரப்பு போய்விட்டது.

ரோஸ் ஹில்லிலிருந்து:

போர்ட் லூயிஸ் தம்பி சொன்னதைப் பார்த்துவிட்டு என் பதிவையும் சோதித்தேன். பெரியம்மா ‘வேல்’ என்று எடுக்கும் இடத்தில் மதிப்பு 1.08. வகுத்துவிட்டு, கடைசியில் 3 விநாடி கூட்டி மறுபடி ரெண்டர் செய்தேன். ‘அரோகரா’ முழுசாக வந்து, சுருதியோடு மெல்ல அடங்குகிறது. நாளைக்குப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன்.