போல்க் சமாதியில் அப்பா ஷூவைக் கழற்றியது (நாஷ்வில் பக்கத்து அரசியல்வாதிகள் கல்லறை: உங்களுக்கும் ஏதாவது நடந்ததா?)

குமரிக்காத்து:

போன நவம்பரில் நடந்தது. இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்பா நாகர்கோவிலிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை டென்னஸி சட்டமன்றக் கட்டடம் இருக்கும் கேப்பிட்டல் குன்றுக்குக் கூட்டிப்போனேன். எல்லோரையும் போல 7ஆவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் குதிரைச் சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்பும்போது அப்பா கையைக் காட்டினார். "அது என்னடே மண்டபம்?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும், நாலு தூணும் ஒரு கூரையுமாக நிற்குமே, அதுதான். ஜேம்ஸ் போல்க், 11ஆவது ஜனாதிபதி, மனைவி சாராவும் கூடவே என்றேன். அப்பா நம்பவில்லை. "ஜனாதிபதியா? ஒரு பூகூட இல்லையே, காவலுக்கு ஒரு ஆளைக் காணோமே." மெரினாவைப் பார்த்துப் பழகிய கண் அது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரப் புல்லில் சாக்ஸோடு நடந்து போய்க் கும்பிட்டார். பக்கத்தில் காதில் இயர்போனோடு ஓடிக்கொண்டிருந்த பெண் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பதவியை விட்டு மூன்று மாதத்தில், 1849 ஜூனில், காலராவில் போய்விட்டார். காலரா பிணம் என்பதால் ஊர் விதிப்படி அவசரமாக சிட்டி செமெட்ரியில் வைத்தார்கள். அடுத்த வருஷம் தோண்டி எடுத்து அவருடைய சொந்த வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 1891இல் சாரா இறந்தபின் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு, போல்க்கின் உயில் செல்லாது என்றாகி, 1893இல் இரண்டு பேரையும் இங்கே தூக்கி வந்துவிட்டார்கள். இப்படி மூன்று தடவை மாற்றியிருக்கிறார்கள் என்றேன்.

அப்பா ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொன்னார்: "வாடகை வீட்டுக்காரன் மாதிரில்லா மாத்தியிருக்கான். அந்த அம்மையிட்ட கேட்டானா?" கொஞ்சம் தூரம் நடந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "என்னைய அங்கயும் இங்கயும் தூக்காதீங்க மக்கா" என்றார்.

பார்க்கிங் மீட்டர் முடியப்போகுதுப்பா, வாங்க என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பதில். அப்பா ஊருக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தோசைக்கல்:

அண்ணா, அப்பா ஷூ கழற்றியதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

என் கதை ஹெர்மிடேஜில், அதாவது ஜாக்சனின் பண்ணை வீட்டில். மகள் நாலாம் வகுப்பு, பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணைப் பெற்றோராக நானும் போனேன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தோட்டத்து மூலைக்கு வந்தால் ஜாக்சன் சமாதி. செம்புக் கூரை, வட்டமாகத் தூண்கள், கீழே ஆண்ட்ரூவும் ரேச்சலும். ரேச்சல் கல்லில் நீளமாக எழுதியிருக்கிறது. பழிச்சொல் அவளைக் காயப்படுத்தலாம், களங்கப்படுத்த முடியாது என்கிற மாதிரி ஒரு வரி. 1828 தேர்தலில் அந்த அம்மாவின் முதல் கல்யாணத்தைப் பற்றி ஊரெல்லாம் அவ்வளவு பேசினார்கள். கணவர் பதவி ஏற்பதற்குள், டிசம்பரிலேயே, போய்விட்டார். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

அதற்குள் மகள் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு கல்லுக்குப் போய்விட்டாள். அது ஆல்ஃபிரட் கல். அந்தப் பண்ணையிலேயே அடிமையாகப் பிறந்தவர், சமையற்காரி பெட்டியின் மகன். விடுதலைக்குப் பிறகும் அங்கேயே தங்கி, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர். 1901இல் இறந்தார். கல்லில் 'விசுவாசமான வேலைக்காரர்' என்று போட்டிருக்கிறது. அவள் சத்தமாக வாசித்துவிட்டு, இருபது பிள்ளைகளுக்கு நடுவில் கேட்டாள்: "அம்மா, வேலைக்காரர்னா சம்பளம் குடுத்திருப்பாங்கல்ல?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

ராத்திரி வீட்டில் உட்காரவைத்து விளக்கினேன். ஜாக்சன் இறந்தபோது சுமார் 150 பேர் அடிமைகளாக இருந்தார்கள், அத்தனை பேரில் ஆல்ஃபிரடுக்குத்தான் எஜமானர் பக்கத்தில் பெயர் பொறித்த கல் என்று. அப்போ மத்தவங்க எங்கே என்றாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. 2024 டிசம்பரில்தான் வீட்டுக்கு வடமேற்கே மரங்களுக்கு நடுவே அடிமைகளின் இடுகாடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள், குறைந்தது 28 குழிகள். மகளிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. "ஓ" என்றாள்.

ஊர்சுற்றி67:

குமரிக்காத்து, ஒரு திருத்தம். மூன்று தடவை மாற்றவில்லை. மூன்று இடம், இரண்டு தடவை. சிட்டி செமெட்ரி, போல்க் பிளேஸ் என்ற அவர் சொந்த வீடு, கேப்பிட்டல். முதல் இடமும் அவருக்கென்று கட்டியதில்லை, ஃபீலிக்ஸ் கிரண்டி குடும்பத்துக் கல்லறையில் இரவலாக வைத்திருந்தார்கள். கிரண்டிதான் போல்க்குக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர், பிறகு அமெரிக்க அட்டர்னி ஜெனரலும் ஆனார். மூன்றாவது மாற்றல் நடக்கப் பார்த்தது உண்மை: கொலம்பியா ஊரில் உள்ள போல்க் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று 2018இல் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. ஆனாலும் ஆள் இன்னும் குன்றின் மேல்தான் இருக்கிறார். அப்பாவிடம் சரியாகச் சொல்லுங்கள்.

என் அனுபவம் சின்னது. அதே கேப்பிட்டலின் வடக்கு வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நின்று புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் கல்லில் எழுத்து. அந்தக் கட்டடத்தை வடிவமைத்த வில்லியம் ஸ்ட்ரிக்லேண்டையே சுவருக்குள் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1854இல், கட்டி முடிக்கும் முன்பே போய்விட்டார். போல்க்கின் நாலு தூண் மண்டபமும் அவர் போட்ட வடிவம்தான். டிபன் பாக்ஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், நான் பல தடவை போனவன். முதலில் சிட்டி செமெட்ரி. 1822இல் திறந்தது, காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். அங்கே கவர்னர் வில்லியம் கரோல் இருக்கிறார், நாஷ்வில்லை நிறுவிய ஜேம்ஸ் ராபர்ட்சன் இருக்கிறார். அப்புறம் கேப்பிட்டல். உள்ளே பார்க்க வேண்டுமானால் வார நாளில் போக வேண்டும், சனிக்கிழமை போய்விட்டுப் பூட்டியிருக்கிறது என்று இங்கே வந்து புலம்பாதீர்கள். அடுத்து லெபனான் பைக் என்ற சாலையைப் பிடித்தால் மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டம். ஜான் பெல் அங்கேதான் இருக்கிறார். 1860இல் லிங்கனை எதிர்த்து நின்று டென்னஸி, கென்டக்கி, வர்ஜீனியா மூன்றையும் பிடித்தவர், இன்று யாருக்கும் பெயர் தெரியாது. கிரண்டியையும் பின்னால் அங்கே மாற்றிவிட்டார்கள். அதே சாலையில் இன்னும் போனால் ஹெர்மிடேஜ், அதற்கு டிக்கெட் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை முழுக்கால் பேன்ட் போடுங்கள், பேன்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், உண்ணி கடிக்கும். பழைய கல்லில் எழுத்து தெரியவில்லை என்று மாவு தேய்க்காதீர்கள், ஷேவிங் கிரீம் பூசாதீர்கள், கல் அரித்துவிடும். போனில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானாகத் தெரியும். குழந்தைகளைக் கல்லின் மேல் ஏற விடாதீர்கள், பழைய கற்கள் ஆடும், காலில் விழுந்தால் எலும்பு முறியும். தண்ணீர் பாட்டில் அவசியம். பூ வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் வேண்டாம்.

பழையநோட்டு:

ஊர்சுற்றி சார், அவர் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார், நீங்கள் உண்ணிக்கடிக்கு வைத்தியம் சொல்கிறீர்கள். சரி விடுங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்பதைக் கவனித்தீர்களா?

எல்ம் ஹில் பைக் சாலையில் கிரீன்வுட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1888இல் பிரெஸ்டன் டெய்லர் என்ற கறுப்பினப் பாதிரியார் தொடங்கியது. நான் போனது ஜே. சி. நேப்பியருக்காக. எனக்குப் பழைய நோட்டு சேர்க்கும் பைத்தியம் உண்டு, பெயரிலேயே தெரிந்திருக்கும். 1911 முதல் 1913 வரை அமெரிக்கக் கருவூலத்தின் ரெஜிஸ்தராக (பதிவாளராக) இருந்தவர் நேப்பியர். அந்தக் கால நோட்டுகளில் அவர் கையெழுத்து இருக்கும். அந்தப் பதவியில் இருந்து நோட்டில் கையெழுத்துப் போட்ட கறுப்பினத்தவர் மொத்தம் நான்கே பேர். என்னிடம் நேப்பியரும் மெக்லங்கும் கையெழுத்துப் போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. நேப்பியர்-தாம்சன் என் சம்பளத்துக்குக் கட்டாது. இந்த ஊர் நகரசபையில் உறுப்பினராக இருந்தவர், 1904இல் இங்கே ஒரு வங்கி தொடங்கியவர்களில் ஒருவர். வில்சன் ஆட்சியில் கருவூலத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிக் கழிவறை என்று கொண்டுவந்தபோது வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 1940 வரை இருந்தார்.

முக்கால் மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. மடக்கு நாற்காலி போட்டு ஒரு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறாய் என்றார். சொன்னேன். எழுந்து, ஊன்றுகோலோடு, எனக்கு முன்னால் மெதுவாக நடந்து கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்ததும் கேட்டார்: "நீ அவர் குடும்பமா?"

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நோட்டு சேர்க்கிறவன் என்று சொல்ல வெட்கமா, அவ்வளவு தூரம் ஊன்றுகோலோடு நடந்து வந்தவரை ஏமாற்ற மனமில்லையா? என் நிறத்தைப் பார்த்து நம்பினாரோ, நம்பவில்லையோ. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார். நான் படம்கூட எடுக்கவில்லை.

ஹிக்கரிநிழல்:

தோசைக்கல் அக்கா, உங்கள் மகள் கேட்டது சரி. ஆனால் இங்கே யாரும் எழுதாத ஒன்று. செரோக்கி மக்களை ஊரை விட்டுத் துரத்தக் காரணமான 1830 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜாக்சன். அவர் சமாதியில் 2018இல் யாரோ பெயின்ட் அடித்துக் 'கொலைகாரன்' என்று எழுதினார்கள். அதற்குச் சில வாரம் கழித்து நான் போனேன். துடைத்திருந்தார்கள். எங்கே எழுதியிருந்தது என்று கல்லில் தேடிக்கொண்டே இருந்தேன், ரேச்சல் வரியை வாசிக்கவேயில்லை.

அவர் கையாலேயே ஒருவரைச் சுட்டதும் உண்டு. 1806இல் சார்லஸ் டிக்கின்சன், துப்பாக்கிச் சண்டையில். டிக்கின்சன் முதலில் சுட்ட குண்டு ஜாக்சன் நெஞ்சில் சாகிறவரை இருந்தது. செத்தவரின் குழி எங்கே என்று ஊரே மறந்துபோய், இருநூறு வருஷம் கழித்து வெஸ்ட் எண்ட் பக்கம் ஒரு வீட்டின் முன் புல்வெளியில் கண்டுபிடித்து, 2010இல் சிட்டி செமெட்ரிக்கு மாற்றினார்கள். நாங்கள் அப்போது வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஏஜெண்டிடம் முதலில் கேட்ட கேள்வி, "முன்னாடி தோட்டத்துல யாராவது இருக்காங்களா?" ஏஜெண்ட் சிரிக்கவில்லை.

ஊர்சுற்றி67:

பழையநோட்டு, கிரீன்வுட் எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உண்ணி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம், போன வருஷம் என் மச்சான் இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டார்.

சும்மாபாக்கவந்தேன்:

நான் எந்தக் கல்லறைக்கும் போனதில்லை. ஆனால் இதையெல்லாம் படித்தபின் ஒன்று தோன்றியது. நம் பிள்ளையார் கோயில் இருப்பது ஓல்ட் ஹிக்கரி புலிவார்டில். ஓல்ட் ஹிக்கரி என்றால் ஜாக்சனுக்கு அவருடைய படைவீரர்கள் வைத்த பட்டப்பெயர். பதினான்கு வருஷமாக அந்த விலாசத்தை ஜிபிஎஸ்ஸில் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன சங்கடஹர சதுர்த்திக்கு உண்டியலில் போட பர்ஸைத் திறந்தால் ஒரே ஒரு இருபது டாலர் நோட்டு, அதிலும் அவர்தான். போட்டுவிட்டேன், வேறு சில்லறை இல்லை.

பழையநோட்டு:

பிள்ளையார் பார்த்துக்கொள்வார். :)

குமரிக்காத்து:

ஊர்சுற்றி அண்ணா, இரண்டு தடவைதான், சரி. அதைச் சாக்காக வைத்து நேற்று அப்பாவுக்கு போன் போட்டேன். போல்க்கை மூன்று முறை இல்லப்பா, இரண்டு முறைதான் மாற்றினார்கள் என்றேன். யாரு போல்க் என்றார். மண்டபம், நாலு தூண், நீங்க ஷூ கழற்றினீங்களே என்றேன். "ஆமா, ஆமா."

அப்புறம் எப்படியோ தைரியம் வந்து, அன்றைக்கு என்னிடம் ஒன்று சொன்னீங்களே, தூக்காதீங்கன்னு, அதைப் பற்றித்தான் கேட்கணும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் அம்மா குக்கரை இறக்குவது கேட்டது.

"அப்பிடியா சொன்னேன்? சாக்ஸ் நனைஞ்சு போச்சுல்லா மக்கா, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார்.